பரணில் கிடைத்த துப்பாக்கிக்கு வயது பார்ப்பது எப்படி?

எங்கள் பெரியம்மா வீட்டில் பாகம் பிரிக்கக் கூடியிருந்தோம். நெல் கொட்டும் அறைப் பரணில் ஓட்டை அண்டா, உடைந்த தொட்டில் பலகை எல்லாவற்றுக்கும் அடியில் சாக்கில் சுற்றிய நீளப் பொருள் ஒன்று கிடந்தது. பிரித்தால் துப்பாக்கி. அரை மணி நேரத்துக்குள் அதற்கு மூன்று வரலாறு முளைத்துவிட்டது. அண்ணன், “திப்பு சுல்தான் காலத்துதுடா இது” என்றார். சித்தப்பா, “வெள்ளைக்காரக் கலெக்டர் எங்க தாத்தாவுக்குக் குடுத்தது” என்றார். பெரியம்மா, “பன்னி விரட்ட வச்சிருந்தாக” என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டார். யார் சொன்னது சரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று எங்களில் ஒருவருக்கும் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. துருவைப் பார்த்தோம், தூக்கி எடை பார்த்தோம். இரண்டும் வயதைச் சொல்லாது. ஒழுகுகிற பரண் பத்தே வருடத்தில் நல்ல இரும்பைக் கிழடாக்கிவிடும். எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்தது இருநூறு வருடம் கழித்தும் பளபளக்கும். பார்க்க வேண்டியது வேறு: குழலுக்குள் இருக்கும் மருந்துக்குத் தீ எந்த வழியாகப் போய்ச் சேருகிறது? பழைய துப்பாக்கிகளின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க ஆட்கள் பட்ட பாடுதான். தீ போகிற வழியைக் கண்டுகொண்டால் துப்பாக்கி எந்தத் தலைமுறை என்பது தெரிந்துவிடும்.

அதற்கு முன், கையை எடுங்கள்

குழல்வாய் வழியாக வெடிமருந்து இடிக்கும் பழைய துப்பாக்கிகளில் ஒரு வசதிக்கேடு உண்டு. ஒருமுறை கெட்டித்துவிட்டால், சுடாமல் அதை வெளியே எடுப்பது பெரும் தொல்லை. காட்டுக்குப் போனவர் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார், கெட்டித்தது கெட்டித்தபடியே மூலையில் சாத்துவார், பிறகு ஒருநாள் இறந்தும் போவார். மருந்து அப்படியே இருக்கும். கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கலவை. ஈரம் படாத இடத்தில் அது கெட்டுப்போவதில்லை. 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒருவர் உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். அந்தப் போர் முடிந்தது 1865-ல்.

கெட்டித்திருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்க்கும் முறை எளிமையானது. குழலின் வாய்க்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. மெல்லிய மரக்குச்சி ஒன்றை உள்ளே விட்டு, தட்டி நிற்கும் இடத்தில் வாயோரம் அடையாளம் போடுவார்கள். பிறகு குச்சியை உருவிக் குழலின் வெளிப்புறத்தில் ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். குச்சியின் நுனி, குழலின் பின்கோடியில் தீ நுழையும் துளைவரை வந்தால் உள்ளே ஒன்றுமில்லை. நாலைந்து விரற்கடை முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது பழைய குளவிக்கூடாகவும் இருக்கலாம், மருந்தும் ரவையுமாகவும் இருக்கலாம். இரும்புக் கம்பி விட்டுக் குத்துவதும், விசையை இழுத்துப் பார்ப்பதும், குதிரையைத் தூக்கி விடுவதும் கூடவே கூடாது. அதோடு பழைய தோட்டாவோ செம்பு கேப்போ மருந்துக் கொம்போ கிடைத்தால் அதைத் தனியாக எடுத்து வைக்கிற வேலையும் உங்களுடையதல்ல. கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

குதிரை என்றதும் நினைவு வந்தது. விசையை இழுத்தவுடன் விழுந்து அடிக்கிற சுத்தி போன்ற பாகத்துக்குத் தமிழில் பழைய பெயர் குதிரைதான். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். குதிரையும் அதன் வில்லும் பொருந்திய பக்கத் தகட்டை லாக் என்பார்கள். இந்த லாக் தகட்டைத்தான் இனி நாம் உற்றுப் பார்க்கப் போகிறோம்.

தீ வந்த வழி

எல்லாவற்றிலும் பழையது திரித் துப்பாக்கி. புகைந்துகொண்டே இருக்கும் கயிற்றுத் திரியை ஒரு வளைந்த கொக்கி பிடித்திருக்கும். விசையை இழுத்தால் கொக்கி தலைகுனிந்து, குழலின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கிண்ணத்தில் தீயை வைக்கும். கிண்ணத்து மருந்து பற்றி, ஊசித்துளை வழியாகத் தீ உள்ளே ஓடும். இதில் சக்கிமுக்கிக் கல் இல்லை, அடிக்கிற சுத்தியும் இல்லை. இந்தியாவில் செய்தவற்றில் குழல் மிக நீளமாகவும் கட்டை ஒல்லியாகவும் இருக்கும். நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. சிற்பக் கூடத்துக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது என் வருத்தம்.

அடுத்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. குதிரையின் வாயில் ஒரு கல் கவ்வியிருக்கும். அது எதிரே நிற்கும் எஃகு மடலில் உரசிப் பொறி பறக்க, அந்தப் பொறி கிண்ணத்தில் விழும். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் தூக்கித் திரிந்தது இதைத்தான். ‘பிரவுன் பெஸ்’ என்று பட்டப்பெயர் பெற்ற, மஸ்கட் என்ற அந்த நீளத் துப்பாக்கியில் ‘இந்தியா பேட்டர்ன்’ என்றே ஒரு வகை உண்டு. குழல் 39 அங்குலம், குழல்வாய் முக்கால் அங்குலம். கம்பெனி தன் படைக்காகச் செய்வித்த மலிவான வடிவம் அது. பிரெஞ்சுப் போர் நெருக்கடியில் துப்பாக்கி போதாமல் போக, 1790-களில் பிரிட்டிஷ் அரசே அதைத் தன் ராணுவத்துக்கும் எடுத்துக்கொண்டது.

மூன்றாவது கேப்புத் துப்பாக்கி. நம் வீடுகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தலாம் என்று ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-ல் காப்புரிமை வாங்கினார். வாத்து வேட்டைக்காரரான அவருக்கு ஒரு குறை இருந்தது. சக்கிமுக்கியின் முதல் பொறியைப் பார்த்தே வாத்துகள் பறந்துவிடுகின்றனவாம். அவருடைய யோசனை, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் குட்டித் தொப்பி போன்ற செம்பு கேப்பாக மாறியது. குழலின் பின்கோடியில் நிப்பிள் என்ற சிறு குமிழ் இருக்கும். அதன் மேல் கேப்பைச் செருகுவார்கள். குழிந்த முகமுள்ள குதிரை வந்து அடித்தால் தீப்பொறி நேராக உள்ளே போகும். கிண்ணமும் கிடையாது, கல்லும் கிடையாது. மழையிலும் சுடலாம்.

இதே குடும்பத்தில் 1853 மாதிரி என்ஃபீல்டு மிகவும் பெயர்பெற்றது. குழல் 39 அங்குலம். அதைக் கட்டையோடு இறுக்கும் பட்டைகள் மூன்று. குழலுக்குள், குண்டைச் சுழலவைக்கும் சுருள்வரி மூன்று. 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டா என்று பெருங்கலகம் மூண்டது இந்தத் துப்பாக்கியை ஒட்டித்தான். கலகம் அடங்கிய பிறகு ஆங்கிலேயர் ஒரு காரியம் செய்தார்கள்: வெளிப்பார்வைக்கு அச்சாக என்ஃபீல்டு போலவே இருந்து, உள்ளே சுருள்வரி இல்லாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிகளை இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். சுருள்வரி இல்லாவிட்டால் குறி தூரம் எட்டாது. ஆகவே என்ஃபீல்டு என்று நினைத்துக் குழல்வாயைப் பார்க்கையில் வரிகள் இல்லை என்றால், தேய்ந்துபோனது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். செய்யும்போதே அப்படிச் செய்திருக்கலாம்.

நான்காவது, பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற வகை. 1866-ல் பழைய என்ஃபீல்டின் பின்கோடியை வெட்டிக் கதவு வைத்தது போல ஸ்னைடர் வந்தது. 1871-ல் விசைக்குப் பின்னால் நெம்புகோல் தொங்கும் மார்ட்டினி ஹென்றி வந்தது. பிரிட்டிஷ் சிப்பாய் மார்ட்டினிக்கு மாறிய பிறகும் இந்தியச் சிப்பாய் கையில் ஸ்னைடர்தான் இருந்தது. அதற்குப் பின் வந்த போல்ட் இழுக்கும் ராணுவத் துப்பாக்கிகளை ‘பழம்பொருள்’ கணக்கில் சேர்க்க வேண்டாம். முக்கியமாக .303. தனியார் சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியாத தடைசெய்யப்பட்ட ரகம் அது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, புதியவர்கள் எல்லோரும் இதில் விழுகிறார்கள். தீ போகும் வழி, துப்பாக்கி எந்த ஆண்டுக்கு *முந்தியதாக இருக்க முடியாது* என்பதை மட்டுமே சொல்லும். முதலிலேயே கேப்புக்கென்று செய்த துப்பாக்கி 1807-க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஆகவே திப்புவினுடையது அல்ல. அவர் 1799-லேயே இறந்துவிட்டார். ஆனால் அது போன மாதம் செய்ததாகவும் இருக்கலாம். நம்மூரில் கேப்பு வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளை இன்றும் யாரோ எங்கோ தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை நாளிதழ்களின் மாவட்டப் பக்கமே சொல்லும்.

தகட்டில் என்ன எழுதியிருக்கிறது

வயதை இன்னும் நெருக்கிப் பிடிக்க முத்திரைகளிடம்தான் போக வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கினால் முதலில் அழிவது இந்த முத்திரைகள்தான். உப்புக் காகிதம், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். போனில் சாய்வான வெளிச்சம் அடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், போதும்.

லாக் தகட்டில் சிங்கம் இருக்கிறதா? பின்னங்காலில் நின்று கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. அதற்கு முந்தைய கம்பெனி முத்திரை இதய வடிவில் நான்காகப் பிரிந்திருக்கும், மேலே 4 என்ற எண் போல ஒரு குறி நிற்கும். 1808 வாக்கில்தான் இதயம் போய்ச் சிங்கம் வந்தது. கம்பெனி ஆட்சி 1858-ல் முடிந்தது. எனவே சிங்கம் போட்ட லாக் ஏறத்தாழ ஐம்பது வருட இடைவெளிக்குள் அடங்கிவிடும். கிரீடத்தின் கீழ் ஆங்கிலத்தில் ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா, ‘ஜி.ஆர்.’ என்றால் ஏதோ ஒரு ஜார்ஜ் மன்னர். ‘டவர்’ என்றோ ‘என்ஃபீல்டு’ என்றோ ஆண்டோடு சேர்த்துப் பொறித்திருந்தால் வேலை எளிது.

எளிதாக இருக்கும்போதுதான் சந்தேகப்படவும் வேண்டும். கைபர் கணவாய்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்து நகல் செய்ததில் கெட்டிக்காரர்கள், ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள். விக்டோரியா 1901-ல் இறந்தார். அவர்களுடைய தகட்டில் ‘வி.ஆர்.’ முத்திரைக்குக் கீழே 1919 என்று ஆண்டு இருக்கும். ‘என்’ எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

குழலின் பின்கோடியில், சிலவற்றில் அடிப்பக்கத்தில், மிகச் சிறிய முத்திரைகள் இருக்கும். அவை செய்தவர் பெயரல்ல, சோதனை முத்திரைகள். அளவுக்கு மீறி மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்கவில்லை என்றால் முத்திரை குத்தி அனுப்புவார்கள். கிரீடத்தின் கீழ் ‘ஜி.பி.’ எழுத்துகள் பின்னியிருந்தால் லண்டன். குறுக்கே வைத்த இரண்டு செங்கோல்கள் என்றால் பெரும்பாலும் பர்மிங்காம். பர்மிங்காம் சோதனைச்சாலை தொடங்கியது 1813-ல் என்பதால் அதுவும் ஒரு கீழெல்லை. முட்டை வட்டத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்றால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். மலிவு விலைக்கு உலகம் முழுக்கத் துப்பாக்கி அனுப்பிய ஊர் அது. ‘நைட்ரோ’ என்ற சொல்லோ ‘என்.பி.’ எழுத்தோ காணப்பட்டால், கருமருந்து போய்ப் புகையில்லா மருந்து வந்த காலத்தில் சோதித்தது என்று பொருள்.

இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளில் இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் அழகாக ஒரு பெயரும் ஊரும் செதுக்கியிருக்கும். “மெட்ராஸ் கம்பெனி செய்த துப்பாக்கி” என்று பலர் ஏமாறுவது இங்கேதான். பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற சென்னைக் கடைகளும், ரோடா போன்ற கல்கத்தாக் கடைகளும் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் பொறித்து விற்றவை. கடையின் பெயரைக் கொண்டு விற்ற காலத்தைக் கணிக்கலாம். செய்த ஊரைத் தெரிந்துகொள்ள மறுபடி அந்தக் குட்டி முத்திரைகளைத்தான் பார்க்க வேண்டும். குழலின் மேல் நீரில் எண்ணெய் மிதப்பது போலச் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல்; இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்தது. பார்க்க அழகு. இன்றைய தோட்டாவை அதில் போட்டால் கையிலேயே வெடிக்கலாம்.

12 என்ற எண்ணைக் கண்டு, குழல்வாய் 12 மில்லிமீட்டர் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குழலுக்குப் பொருந்தும் ஈயக்குண்டுகளைச் செய்தால் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு வரும் என்பதே அதன் பொருள். அளந்தால் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர் இருக்கும்.

எந்த முத்திரையும் இல்லை, ஆனால் லாக் இடப்பக்கம் இருக்கிறது என்றால் இலங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சிங்களத் துப்பாக்கிகளுக்கு அதுதான் தனி அடையாளம். திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கிகளோ ஒளிந்துகொள்ளவே மாட்டா. புலித்தலை, புலிவரி என்று உடம்பெல்லாம் புலி இருக்கும்.

பழசு போலத் தெரியும் மற்றவை

சுவரில் மாட்டும் பித்தளை வேலைப்பாட்டுப் பொம்மைத் துப்பாக்கிகளில் தீ போகும் துளையே இருக்காது. கூட்டல் குறி போட்ட திருகாணி எங்கே இருந்தாலும் அந்தப் பாகம் 1930-களுக்குப் பிந்தியது. ‘தாத்தா துப்பாக்கி’ என்று படம் அனுப்பிக் கேட்கிறவர்களில் சிலருக்கு நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை: குழலின் மேல் ஒரு பெண் வில்லை வீசிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுகிறாள் என்றால் அது டயானா ஏர்கன். அணில் விரட்ட வாங்கியது.

“நூறு வருடம் ஆனால் உரிமம் வேண்டாமாமே?”

இல்லை. அமெரிக்காவில் 1898-லோ அதற்கு முன்போ செய்தது பழம்பொருள் என்று ஒரு கோடு உண்டு. அதை இணையத்தில் படித்துவிட்டு இங்கே நூறு வருடக் கணக்குச் சொல்கிறார்கள். நம் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வழக்கொழிந்த ஆயுதத்துக்கும் பழம்பொருளுக்கும் விலக்குத் தருவது உண்மை. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை வைக்கிறது: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கியைப் பட்டறையில் ஒருநாள் வேலையில் சுட வைத்துவிடலாம் என்றால் விலக்கு பறந்துபோகும். அதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, நானும் முடியாது. குடகின் கொடவர்களுக்கு உரிமத்திலிருந்து தனி விலக்கு இருக்கிறது. நமக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆகவே, முதலில் இரும்புப் பெட்டியில் பழைய உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். 1878-லிருந்தே இந்த நாட்டில் துப்பாக்கிக்கு உரிமச் சட்டம் இருப்பதால், முறையாக வைத்திருந்த குடும்பம் என்றால் ஒரு தாளாவது தங்கியிருக்கும். அதில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று இருந்தால் வாய்வழி கெட்டிக்கும் ஒற்றைக் குழல், ‘டி.பி.பி.எல்.’ என்றால் பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல். பெரும்பாலும் எண்ணும் செய்தவர் பெயரும் கூட இருக்கும். வயது கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

பிறகு, துப்பாக்கியை மஞ்சள் பையில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். கிடைத்த தேதி, இடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சட்டம் சொல்கிறது. வாரிசுகள் தங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழியும் வைத்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு நினைவுப்பொருளாக அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். நூறு ஆண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தடை இருக்கிறது. பேரன் வந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் துப்பாக்கி

லாக் தகட்டில் சிங்கம் இருந்தது. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தகட்டின் முன்பக்கத்தில் இரண்டு துளைகளை அடைத்த தடம் தெரிந்தது; முன்பு அங்கே சக்கிமுக்கியின் கிண்ணமும் எஃகு மடலும் இருந்திருக்கின்றன. பிற்பாடு யாரோ கேப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். அதுவரை கம்பெனிக் காலம்தான். குழலுக்கு வந்தால் ஒரு முத்திரையும் இல்லை. நெடுக ஒட்டுப் போட்ட தழும்பு. விசைக்குக் காப்பாக இருந்த வளையத்தைக் கட்டையில் பிடித்திருந்தவை கூட்டல் குறித் திருகாணிகள். எந்தக் காலத்திலோ கழித்துக்கட்டிய பட்டாளத் துப்பாக்கியின் லாக்கை எடுத்து, உள்ளூர்க் கொல்லர் குழாயும் கட்டையும் சேர்த்துச் செய்த நாட்டுத் துப்பாக்கி. பெரியம்மா சொன்னதுதான் சரி.

தகவல் சொன்ன மறுநாள் வந்து எடுத்துப் போனார்கள். நிலையத்துக்கு வரவழைத்த ஆயுதக் கடைக்காரர் எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு மூங்கில் குச்சியை உள்ளே விட்டார். குச்சி, நிப்பிளுக்கு ஐந்து விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. முந்தின நாள் அதைத் தோளில் வைத்து, குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஏழு பேர்.